கழுவித் துடைத்த குப்பை

வேலாத்தாள் தன் வீட்டுக் குப்பையை இரண்டு முறை கழுவி, சல்லடையில் வடித்து, எவர்சில்வர் வாளியில் போட்டு, மேலே ஒரு தட்டை மூடிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஆபீசரு வர்றீங்கன்னு நேத்தே மைக்குல சொன்னாங்க. அழுக்கா குடுத்தா நல்லாருக்குமுங்களா?" என்றாள்.

திருமூர்த்தி தட்டைத் தூக்கிப் பார்த்தான். வெங்காயச் சருகு, முத்து மாதிரி தண்ணீர் கோத்துக்கொண்டு பளபளத்தது. முருங்கைக்காய்ச் சக்கை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் டீத்தூள் ஒரு உருண்டையாக, சாயம் போய் வெளுத்துக் கிடந்தது.

"டீத்தூளைக்கூடவா கழுவுனீங்க்கா?"

"மூணு தண்ணிங்க தம்பி. கறை போகவே மாட்டேனுருச்சு."

அவன் தோளில் தொங்கிய மோப்பியை எடுத்து வாளிக்குள் விட்டான். அரசாங்கப் பெயர் எரிதிறன் உணர்வி. ஒரு முழக் கோல், நுனியில் யானைத் தும்பிக்கை போல வளையும் ஒரு குழாய், பிடியில் ஒரு குரல். எந்தக் குப்பையை எரித்தால் எவ்வளவு வெப்பம் வரும் என்பதை எரிக்காமலே முகர்ந்து சொல்லிவிடும். பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் அங்கத்துக் குப்பையை முகர்ந்து வளர்ந்த கருவி. கோவைக்கு அனுப்புவதற்கு முன்பு கொங்குத் தமிழ் மட்டும் கற்றுக் கொடுத்திருந்தார்கள்.

மோப்பி முகர்ந்தது.

"ஈரமுங்க" என்றது. "கிலோவுக்கு முந்நூத்தித் தொண்ணூறுங்க. மன்னிச்சுக்கோங்க."

"குறைச்சலுங்களா?" என்று வேலாத்தாள் கேட்டாள், மகனின் பரீட்சைப் பேப்பரை எட்டிப் பார்க்கிற முகத்தோடு.

"ஆயிரத்து ஐந்நூறு வேணுங்க்கா."

அவள் தெருவைப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட நூற்றுப் பதினெட்டாம் வார்டு முழுக்க, வாசலுக்கு வாசல், குளித்து முடித்த குப்பை காத்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் வாளியைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் வாடை அடிக்கக் கூடாதென்று வாழைப்பழத் தோலில் ஊதுபத்தி குத்தி வைத்திருந்தார்கள்.

அந்த ஆண்டில் ஒவ்வொரு வார்டும் தன் குப்பையை எரித்துத் தன் மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமாகியிருந்தது. வார்டுக்கு ஒரு எரிகலன் கட்டி, நாடா வெட்டி, அன்றைக்கே பூட்டியும் விட்டார்கள். பூட்டைத் திறக்க வேண்டுமானால் நகர எரிதிறன் இயக்ககத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து, குப்பையில் கிலோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோகலோரியாவது இருக்கிறது என்று எழுத வேண்டும். எழுதினால் அது ஒளிர் வார்டு, நாள் முழுக்க மின்சாரம். மூன்று சோதனையிலும் தோற்றால் ஈர வார்டு. ஈர வார்டுக்குக் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை மட்டும் மின்சாரம். அந்த நேரத்தில் சூரியன் இருப்பதால் யாரும் விளக்குப் போட மாட்டார்கள், ஆகவே மின்சாரம் மிச்சமாகும் என்று அரசாணை காரணமும் சொல்லியிருந்தது.

திருமூர்த்தி உடுமலைப்பேட்டைக்காரன், இருபத்தேழு வயது. இயக்ககத்தில் தற்காலிக மதிப்பீட்டாளனாக ஐந்து வருடமாக நிரந்தரமாக இருந்தான்.

முறைப்படி எல்லா வீட்டுக் குப்பையையும் எரிகலன் வளாகத்தில் கொட்டி, மண்வெட்டியால் கலந்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகம் இரண்டைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து, மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு வாளி மிஞ்சும்வரை செய்தான். அந்த ஒரு வாளிதான் வார்டின் ஜாதகம். மோப்பி அறுநூற்றுப் பன்னிரண்டு என்றது. முதல் சோதனை தோல்வி.

அன்று மதியம் வேலாத்தாள் வீட்டில் டீ குடித்தபடி அவன் விளக்கினான். கூடவே குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாச்சிமுத்துவும் இருந்தார். ஊரில் கடைசியாக ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அவருக்குப் பின் அந்த வேலையே இல்லை. உட்கார்ந்திருக்கும்போதும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்.

"ஒரு கிலோ காஞ்ச அட்டைய எரிச்சா நாலாயிரம் வரும்ங்க. ஆனா ஈரக் குப்பைக்குத் தன்னைத் தானே காய வெச்சுக்கவே பாதிச் சூடு போயிரும். அப்புறம் எரியறதுக்கு எங்க? நீங்க கழுவினதுல இன்னிக்கு அடுப்ப மூட்டியிருந்தா, அடுப்பு அணைஞ்சிருக்கும்."

"அப்பக் கழுவக் கூடாதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"கூடவே கூடாதுங்க."

"அதைய மொதல்லயே சொல்லோணுமில்லீங்க. நான் மைக்குல, 'அதிகாரி வந்து பார்க்கப் போறாரு, வார்டோட மானத்தக் காப்பாத்துங்க'ன்னு சொல்லிப்போட்டேன்."

வேலாத்தாள் வேறு ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று கிரைண்டர்கள் நின்றன. வார்டில் முந்நூறு வீடுகள் அவள் ஆட்டிய மாவில்தான் காலையில் இட்லி சுட்டன.

"தம்பி, நாலு மணிக்குக் கரண்ட்டு போயிருமுங்களா?"

"ஈர வார்டு ஆனா போயிரும்ங்க்கா."

"நான் ஆட்டறதே சாயங்காலம் அஞ்சரைக்கு. அப்ப ஆட்டுனாத்தான் ராவெல்லாம் பொங்கிக் காலைல பதமா இருக்கும். நாலு மணிக்கு முன்னாடி ஆட்டி வெச்சா, ராத்திரிக்கே பொங்கி வழிஞ்சு, விடியறப்பப் புளிச்ச தண்ணியா நிக்கும். ஃபிரிஜ்ஜுல வெக்கலாம்னா அதுக்கும் கரண்ட்டு இல்லீங்க." டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப என்ற மாவுப் பொழப்பு அவ்வளவுதானுங்களா?"

திருமூர்த்தி கையிலிருந்த படிவத்தைப் புரட்டினான். படிவம் எரி-ஏழில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

அந்தப் படிவத்தை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துப் போனான். 'உங்கள் குப்பையில் என்னென்ன உள்ளன?' நான்கு தாள், ஒரு பக்கம் அச்சு. வேலாத்தாள் வாங்கியதும் முன்பக்கம் படிக்கவில்லை. திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. முகம் மலர்ந்தது.

மூன்று நாள் கழித்து அவன் படிவங்களைத் திரும்பக் கேட்டு வந்தபோது ஒன்றுகூட வரவில்லை. வேலாத்தாள் வீட்டில் அதன் முதுகில் மார்கழிக்கான புள்ளிக் கோலம் இருந்தது. எதிர்வீட்டில் அலமாரித் தட்டில் விரித்து மேலே ஊறுகாய் ஜாடி வைத்திருந்தார்கள். நாச்சிமுத்து சங்கத்தின் தீர்மானங்களை எழுதியிருந்தார். முதல் தீர்மானம், படிவங்களை உடனே பூர்த்தி செய்து கொடுப்பது என்பது.

இந்த வார்டில் ஏன் எதுவும் எரியவில்லை என்று திருமூர்த்திக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. வீடு வீடாகப் போய் விசாரித்தான். பனியன் கிழிந்தால் என்ன ஆகிறது? கைப்பிடித் துணி ஆகிறது. பிறகு? தரை துடைக்கிற துணி. பிறகு? ஸ்கூட்டர் துடைக்கிற துணி. அதற்கும் பிறகு? ஜன்னல் சந்தில் கொசு வராமல் அடைக்கிற துணி. பல் துலக்கும் பிரஷ், சீப்பு கழுவப் போய், அங்கிருந்து பாவாடைக்கு நாடா கோக்கப் போய்விடுகிறது. பால் பாக்கெட்டில் கறிவேப்பிலைக் கன்று வளர்கிறது. தேங்காய் நார் பாத்திரம் தேய்க்கிறது. பொட்டலம் கட்டிவந்த சணல்கூட ஒரு பெரிய உருண்டையின் கடைசிச் சுற்றாகச் சேர்ந்துகொள்கிறது, அந்த உருண்டை எதற்கென்று யாருக்கும் தெரியாமலே. எல்லாம் போக மிஞ்சுவது டீத்தூள், கறிவேப்பிலை, புளிச்சக்கை.

கழுவாத வாளிகள் நாற்பதை மோப்பி முகர்ந்து பார்த்துவிட்டு, பணிவாகச் சொன்னது:

"மன்னிச்சுக்கோங்க. இதுல குப்பை ஏதும் இல்லீங்க."

அன்று வேலாத்தாள் வீட்டுச் சமையலறையில் அவன் உட்கார்ந்திருக்கையில், சுவரில் சாய்த்து வைத்திருந்த மோப்பி தானாகத் தும்பிக்கையைத் தூக்கியது. பரணைப் பார்த்து நிமிர்ந்து நின்றது.

"நாலாயிரத்து நூறுங்க" என்றது. அதன் குரலில் முதன்முறையாக ஒரு நடுக்கம் இருந்தது. "நெறைய இருக்குதுங்க. காஞ்சிருக்குதுங்க."

திருமூர்த்தி ஸ்டூல் போட்டு ஏறினான். மிக்சி வந்த பெட்டி. அதற்கு முந்தைய மிக்சி வந்த பெட்டி. டிவி வந்த பெட்டி, உள்ளே அந்த டிவிக்கே உரிய தெர்மாக்கோல். டிவி இல்லை. இருபத்தாறு தீபாவளிகளின் இனிப்புப் பெட்டிகள். யார் யாருடையதோ கல்யாணப் பத்திரிகைகள், அதில் பாதிப் பேர் இப்போது சேர்ந்து இல்லை. முருகன் படம் போட்ட காலண்டர்கள் வருடத்துக்கு ஒன்று. சாமியை எப்படித் தூக்கிப் போடுவது?

"எதுக்குங்க்கா இத்தனை பெட்டி?"

"வீடு மாத்தறப்ப வேணுமில்லீங்க?"

"எப்ப மாத்தறீங்க?"

"இது சொந்த வீடுங்க தம்பி."

அவன் பக்கத்து வீட்டுப் பரணைப் பார்த்தான். அதற்கடுத்ததையும் பார்த்தான். கணக்குப் போட்டதில், வார்டின் தலைக்கு மேலே ஒன்றரை வருட மின்சாரம் தூசி பிடித்துக் கிடந்தது.

நாச்சிமுத்து அவசரக் கூட்டம் போட்டார். எல்லோரும் ஒரே மனதாக, பக்கத்து வீட்டுக்காரர் பரணைக் காலி செய்ய வேண்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள். வெகு நேரம் பேசி, வீட்டுக்கு ஐந்து பெட்டி என்று முடிவாயிற்று. இரண்டாவது சோதனை நாள் காலை ஆறரைக்கு வாசலில் வைக்க வேண்டும். ஏழு மணிக்கு வண்டி வந்து எடுத்துக்கொள்ளும்.

"எல்லாரும் உள்ள தள்ளி வைங்க, வழிய மறிக்காதீங்க" என்று நாச்சிமுத்து தெருமுனையில் நின்று குரல் கொடுத்தார். ஆறரைக்குத் தெரு, சரக்குக் கிட்டங்கி மாதிரி இருந்தது. திருமூர்த்திக்கு நெஞ்சு நிறைந்தது. மோப்பியைத் துடைக்க உள்ளே போனான்.

ஏழு மணிக்கு வண்டியோடு வந்தபோது தெருவில் நான்கைந்து பெட்டிதான் இருந்தது. அதுவும் அடி பிய்ந்தவை.

நாச்சிமுத்து தலையில் ஒரு பெட்டியைச் சுமந்தபடி எதிரே வந்தார்.

"என்னுங்ணா இது?"

"தோட்டத்துக்காரங்க ஊட்டு ஃபிரிஜ்ஜுப் பெட்டிங்க" என்றார், தலையை அசைக்காமல். "ரெட்டைக் கதவு. தட்டிப் பாருங்க, எத்தனை திக்கா இருக்குது. இனிமேல்ட்டு இந்த மாதிரி அட்டை எங்கீங்க வரப்போகுது?"

"உங்க ஊட்டுப் பெட்டிங்க?"

"அதைய ஆரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. போச்சாதுங்க, நல்லா இருக்கட்டும்."

அரை மணி நேரத்தில் வார்டின் பெட்டிகள் எல்லாம் வீடு மாறியிருந்தன. வேலாத்தாள் வாசலில் மட்டும் ஒரு பெட்டி இருந்தது. அதன்மேல் அவளே உட்கார்ந்திருந்தாள்.

வண்டி நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.

"நாலு பெட்டி ஆரோ கொண்டுபோயிட்டாங்க. இது மொத மொத கிரைண்டரு வந்த பெட்டிங்க தம்பி" என்றாள். அவள் கணவர் ஒரு லாரியோடு வடக்கே போனவர். லாரி திரும்பி வந்தது. "மிசினு போயி வருசமாச்சு, மூணு வாட்டி மாத்தியாச்சு. ஆனா இந்தப் பெட்டி வந்து எறங்குன அன்னைக்குத்தான் இந்தத் தெருவுல என்னைய வேலாத்தான்னு பேரு சொல்லிக் கூப்ட்டாங்க. அதுவரைக்கும் லாரிக்காரன் பொண்டாட்டி." அட்டையை ஒருமுறை தடவினாள். "எந்திரிக்கோணும்னுதான் நெனைக்கறேன். முடியலீங்க."

மோப்பி தும்பிக்கையை நீட்டியது. "நாலாயிரத்து இருநூ..."

திருமூர்த்தி அதன் விசையை நிறுத்தினான். விதிப்படி அந்தப் பெட்டியைப் பறிமுதல் செய்ய அவனுக்கு அதிகாரம் உண்டு. பிரிவு ஒன்பது, உட்பிரிவு இரண்டு.

"உள்ள வெச்சுருங்க்கா" என்றான்.

இரண்டாவது சோதனை: எழுநூற்றுத் தொண்ணூறு.

அன்று மாலை இணை இயக்குநர் ரெஜினா சென்னையிலிருந்து பேசினார். திரையில் அவர் தலைக்குப் பின்னால் கோப்புகள் கூரை வரை இருந்தன.

"என்ன திருமூர்த்தி, படிவம் ஒண்ணுகூட வரல. ரெண்டு டெஸ்ட்டும் ஃபெயில். என்ன பண்ணிட்டு இருக்கீங்க அங்க?"

"மேடம், பேப்பர்ல ஒரு பக்கம் காலியா இருந்தா இங்க யாரும் திருப்பித் தர மாட்டாங்க. அது அவங்களுக்குப் பேப்பர்."

"சரி, விளக்கம் கேட்டு நோட்டீஸ் விடுவோம். 'உங்கள் குப்பை ஏன் எரியவில்லை?' வீட்டுக்கு நாற்பது தாள், மூணு காப்பி. ரெண்டு பக்கமும் பிரிண்ட் பண்ணச் சொல்றேன். ஒரு இன்ச் இடம் விடக் கூடாது. மேல மெழுகு கோட்டிங் போட்டுடறேன், ஊறுகா எண்ணெய் பட்டாலும் எழுத்து அழியாது."

"மேடம், இதெல்லாம் ஏன் பேப்பர்ல? கம்ப்யூட்டர்லயே..."

"கம்ப்யூட்டர்ல போட்டா யார் வேணா திருத்திடறாங்கன்னு ஆடிட்ல எழுதிட்டாங்க. பேப்பர்னா திருத்த முடியாது. தொலைக்கத்தான் முடியும்."

நோட்டீஸ் இரண்டு லாரியில் வந்தது. திருமூர்த்தி வீடு வீடாகக் கொடுத்தான். வேலாத்தாள் வாங்கினாள். திருப்பினாள். பின்பக்கமும் எழுத்து. இன்னொரு தாளைத் திருப்பினாள். அங்கேயும் எழுத்து. நூற்றிருபது தாளையும் திருப்பிப் பார்த்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான்.

அந்த வார்டு அத்தனை சுலபத்தில் தோற்கிற வார்டு அல்ல. நான்கு நாள் முயன்றது. அலமாரியில் விரித்தார்கள். மெழுகில் ஜாடி வழுக்கி விழுந்தது. போண்டா வைத்துப் பார்த்தார்கள். எண்ணெயை உறிஞ்சாமல் போண்டாவிடமே திருப்பிக் கொடுத்தது. பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டார்கள், மடித்த இடத்தில் நிற்காமல் விரிந்துகொண்டது. கண்ணாடி துடைத்தால் கண்ணாடி மங்கியது. நாச்சிமுத்து விசிறிப் பார்த்தார். மணிக்கட்டு வலித்தது. பழைய பேப்பர் கடைக்காரர் ஒரு தாளை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மெழுகு இருப்பதால் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது சோதனைக்கு முந்தின நாள் மாலை வேலாத்தாள் மூன்று கிரைண்டரிலும் ஆட்டினாள். வழக்கத்தை விட இரண்டு படி கூடுதல். கடைசி மாவு என்பதால் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

மறுநாள் காலை எரிகலன் வளாகத்தில் வண்டி குப்பையைக் கொட்டியபோது, திருமூர்த்தி தலை குனிந்து பதிவேட்டில் 'ஈர' என்று எழுத ஆரம்பித்திருந்தான். தோளில் மோப்பி துள்ளியது.

நிமிர்ந்து பார்த்தான். குவியல் வெள்ளையாக இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் கட்டுக் கட்டாக, கட்டிவந்த கயிறு மட்டும் கவனமாக அவிழ்க்கப்பட்டு, 'உங்கள் குப்பை ஏன் எரியவில்லை?' வந்து விழுந்திருந்தது. அந்த வார்டின் வரலாற்றிலேயே, எதற்கும் உதவாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முதல் பொருள்.

கலந்தான், குவித்தான், நான்காகப் பிரித்தான். கடைசி வாளியில் மோப்பியை விட்டான்.

மோப்பி வெகு நேரம் முகர்ந்தது, வெளிநாடு போனவன் ஊர்ச் சாப்பாட்டை முகர்கிற மாதிரி.

"இதுதானுங்க குப்பை" என்றது. "ஆயிரத்து எழுநூத்திப் பன்னெண்டுங்க."

நாச்சிமுத்து தன்னை அறியாமல் இரண்டு விசில் அடித்தார். வண்டிக்காரர் வண்டியை எடுத்துவிட்டார்.

எரிகலன் அன்றே மூட்டப்பட்டது. மாலை நான்கு மணி வந்தது, போனது. விளக்கு எரிந்தது. ஐந்தரைக்கு மூன்று கிரைண்டரும் சுற்றின. வேலாத்தாள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். சிரட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

திருமூர்த்தி ரெஜினாவை அழைத்தான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று இருந்தான்.

"மேடம், வார்டு பாஸ். ஆனா எரிஞ்சது அவங்க குப்பை இல்ல. நம்ம நோட்டீஸ்."

"தெரியும்."

"தெரியுமா?"

"மத்த பதினாலு வார்டு எப்படிப் பாஸ் ஆச்சுன்னு நினைச்சீங்க?" ரெஜினா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல வேலை. நிரந்தரப் பணி ஆர்டர் போடச் சொல்லிட்டேன். இனி மாசா மாசம் தொடர் கண்காணிப்புப் படிவம் வரும். வீட்டுக்கு வீடு கொடுத்துடுங்க. அவங்க நிரப்ப வேண்டாம்."

"அவ்வளவு பேப்பர் செய்ய, மெழுகு பூச, லாரில கொண்டுவர... மேடம், ஒரு யூனிட் எரிச்சு எடுக்க மூணு யூனிட் செலவாகும். அந்த மில்லுக்குக் கரண்ட் எங்கிருந்து வருது?"

"மில்லு நூத்தி ரெண்டாம் வார்டுல இருக்கு. ஈர வார்டு. நாலு மணிக்கு மேல அங்க யாருக்கும் கரண்ட் கிடையாதே, அது சும்மாதானே இருக்கு. மில்லுக்குத் திருப்பி விட்டுடறோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அறிக்கைல எல்லாத்தையும் எழுதுங்க. முந்நூறு பக்கத்துக்குக் குறையக் கூடாது. ஆட்சேபணை இருந்தா சொல்லலாம்னு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காப்பி."

அவன் எழுதினான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், ஒன்றுக்கு மூன்று என்ற கணக்கையும், நூற்றிரண்டாம் வார்டின் இரவையும், ஒன்றும் மறைக்காமல், புரிகிற தமிழில் எழுதினான். யாரும் படிக்க மாட்டார்கள் என்பது தைரியமாக இருந்தது. படிக்காமலே எல்லோர் வீட்டிலும் விளக்கு எரியும் என்பது ஆறுதலாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அடுத்த பக்கத்துக்குப் போனான்.

அறிக்கையை முதலில் வேலாத்தாளுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தான். இனி அவன் நிரந்தர அதிகாரி. அவள் அவனை உட்காரச் சொல்லி நான்கு இட்லி வைத்தாள். பிறகு அறிக்கையை மடியில் வைத்து, பழக்கதோஷத்தில், ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க ஆரம்பித்தாள்.

எல்லாத் தாளிலும் எழுத்து. அவன் இரண்டாவது இட்லிக்கு வந்தபோது அவள் கை நின்றது. உதடு அசையப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து படித்தாள்.

"இது நெசமுங்களா தம்பி?"

அவன் விழுங்கினான். "நெசந்தானுங்க்கா."

"அந்த நூத்தி ரெண்டுல மாவு ஆட்டறவங்க ஆராச்சும் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"நாலு மணிக்கு முன்னாடி ஆட்டுவாங்க."

"ஆமாங்க்கா."

"புளிச்சிருக்கும்" என்றாள்.

உள்ளே கிரைண்டர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. வாசலில் முதல் தூக்குச்சட்டி வந்து நின்று, "வேலாத்தாக்கா" என்று கூப்பிட்டது. அவள் அந்த ஒரு தாளை மட்டும் தையல் பிரியாமல் உருவினாள். மிச்ச அறிக்கையைக் கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் போட்டாள். அறிக்கையை மேலே கட்டிவந்த நூலைச் சுருட்டி உருண்டையில் சேர்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணில் கிரைண்டர் பெட்டியைத் திறந்து, தாளை உள்ளே வைத்து மூடினாள்.

"எதுக்குங்க்கா அது? ரெண்டு பக்கமும் எழுதியிருக்குது."

"இருக்கட்டுமுங்க" என்றாள், கையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே. "எப்பவாச்சும் வேணுமாயிருக்கும்."

தூக்குச்சட்டியை வாங்க அவள் வாசலுக்குப் போனாள். சுவரோரம் சாய்ந்திருந்த மோப்பி மெல்லத் தும்பிக்கையைத் தூக்கிப் பரணைப் பார்த்தது.

"மேல ஒரு தாளு இருக்குதுங்க" என்றது. "நல்லா எரியுமுங்க."

திருமூர்த்தி சாம்பார் படாத இடது கையால் அதன் தலையைப் பிடித்துக் கீழே திருப்பி வைத்தான்.